நிறத்தை அளந்த வரலாறு

தமிழில் நிறச் சொற்கள் வளமானவை. குரு, கெழு என்னும் இரண்டும் நிறத்தை உணர்த்தும் உரிச்சொற்கள் எனத் தொல்காப்பியர் உரியியலில் கூறுகின்றார். செம்மை என்னும் ஒரு பண்பிலிருந்தே செம்பொன், செந்நெல், செவ்வானம், செங்குருதி ஆகிய சொற்கள் பிறந்துள்ளன. பொன்னும் குருதியும் ஒரே நிறத்தன அல்ல. ஆயினும் இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் தமிழர்க்கு இதனால் இடர் நேர்ந்ததில்லை. ஆனால் பொருளை நேரில் காணாதவனுக்கு அதன் நிறத்தைச் சொல்லவேண்டி வந்தால் என் செய்வது? வாணிகம் கடல் கடந்தபோது எழுந்த வினா இது. அதற்குக் கிடைத்த விடையை ஜொகூரின் ரப்பரும் செம்பனையும் நன்கு விளக்குகின்றன.

கண்ணே துலாக்கோல்

ஜொகூர்த் தோட்டங்களில் தமிழர் வெட்டி எடுத்த பால் உறையவைக்கப்பட்டு, உருளைகளில் அழுத்தப்பட்டு, புகையூட்டப்பட்டுத் தகடாயிற்று. அத்தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நிறம், தெளிவு, குமிழி, பூஞ்சணம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தனர். தரம் இறங்கினால் விலையும் இறங்கும். விற்பவன் கண்ணுக்குத் தேன் நிறமாகத் தோன்றுவது வாங்குபவன் கண்ணுக்குப் பழுப்பாகத் தோன்றலாம். அவ்வழக்கைத் தீர்க்கச் சொல் போதாது; எண் வேண்டும்.

எண்ணிட்ட கண்ணாடிகள்

இங்கிலாந்தில் பீர் வடிக்கும் தொழில் நடத்திய ஜோசப் லவிபாண்டுக்கும் இத்தகைய தொல்லை இருந்தது. தம் மதுவின் நிறத்தை அளக்க விரும்பிய அவர், நிறமேற்றிய கண்ணாடித் துண்டுகளைப் படிப்படியாக அமைத்து எண்ணிட்டார். 1885-இல் ‘டிண்டோமீட்டர்’ என்னும் கருவி தோன்றிற்று. ஒருபுறம் சோதனைக்குரிய பொருள். மறுபுறம் சிவப்பு, மஞ்சள், நீலக் கண்ணாடிகள். இருபுறமும் ஒத்துத் தோன்றும்வரை கண்ணாடிகளை மாற்றி, அவற்றின் எண்களைக் குறித்துக்கொள்வதே முறை. கண் இன்னும் சான்று கூறுகிறது. தீர்ப்பை மட்டும் எண் வழங்குகிறது.

1965-இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் தொடங்கியபோது, அழுக்கு, சாம்பல் முதலியவற்றின் அளவே கட்டி ரப்பரின் தரத்தை வரையறுத்தது. அத்திட்டத்தின் ‘எஸ்.எம்.ஆர். எல்’ என்னும் வெளிர் வகைக்கு, நிறம் லவிபாண்டு அளவில் 6-க்கு மேற்படலாகாது. வெளிர்மைக்கும் பழுப்புக்கும் இடையே மட்டும் மாறும் பொருளாதலின், ரப்பருக்கு ஒரே வரிசை எண் போதும்.

செம்பனை எண்ணெய்க்கு அது போதாது. அதற்குச் செந்நிறம் தருவது கரோட்டின். பாசிர் கூடாங் போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு ஆலைகளில், நிறம் உறிஞ்சும் களிமண்ணாலும் வெப்பத்தாலும் அது நீக்கப்படுகிறது. எஞ்சிய நிறத்தைச் சிவப்புக்கு ஓர் எண், மஞ்சளுக்கு ஓர் எண் எனத் தனித்தனியே கூறுவர். ஐந்தேகால் அங்குலக் கலத்தில் சிவப்பு 3-க்கு மேற்படலாகாது என்பது சுத்திகரித்த எண்ணெய்க்குரிய வாணிக வரையறை.

மூன்றின் மரபு

நிறத்துக்கு ஏன் மூன்று? கண்ணில் மூவகை உணர்கருவிகள் இருத்தல் வேண்டும் என்று தாமஸ் யங் 1802-இல் கூறினார். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தி, ஒரு வண்ண நாடாவின் உருவத்தை மாக்ஸ்வெல் 1861-இல் காட்டினார். இன்றைய கணினித் திரையும் இவ்வழியே இயங்குகிறது. ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை எண் உண்டு. 255, 128, 0 என்றால் செம்மஞ்சள்.

அச்சுக்கு வழி வேறு. மை ஒளியைக் கூட்டுவதில்லை, விழுங்குகிறது. ஆதலால் நீலப்பச்சை, செங்கருநீலம், மஞ்சள் ஆகிய மைகளோடு, ஆழ்ந்த கருமைக்காகக் கறுப்பு மையும் சேரும். லவிபாண்டின் கண்ணாடிகளும் இவ்வாறு ஒளியைக் கழிப்பனவே.

மூன்றாம் முறையை ஆல்வி ரே ஸ்மித் 1978-இல் வெளியிட்டார். அது நிறத்தைச் சாயல், செறிவு, ஒளிர்வு எனப் பகுக்கிறது. சாயல் ஒரு வட்டம்: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. முன்னர்க் கூறிய செம்மஞ்சள் இதில் ஏறத்தாழ 30 பாகை. சிவப்பின் செறிவைக் குறைத்தால் இளஞ்சிவப்பு. ஒளிர்வைக் குறைத்தால் கருஞ்சிவப்பு.

இங்கே தமிழாசிரியர் கருத வேண்டியது ஒன்றுண்டு. ‘இளம்’ என்னும் அடை செறிவைக் குறைக்கிறது. ‘கரு’ என்னும் அடை ஒளிர்வைக் குறைக்கிறது. ‘செம்மஞ்சள்’ என்னும் கூட்டுச்சொல் வட்டத்தில் இரு சாயல்களுக்கு இடைப்பட்ட இடத்தைக் காட்டுகிறது. கணினி மூன்று எண்களால் செய்யும் பகுப்பைத் தமிழ் அடைமொழிகளால் செய்துவந்துள்ளது. மொழியில் இல்லாதது பகுப்பு அன்று, அளவே. திரையில் நிறம் தேரும் மாணவனுக்கு இச்சொற்களை முதலில் கற்பித்தால், எண் அவனுக்கு அந்நியமாகாது. அவற்றை விடுத்து எண்ணை மட்டும் கற்பித்தால், தன் பாட்டன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த தகட்டின் நிறத்தைச் சொல்ல அவனிடம் தமிழ் இராது.