வாக்குத் தவறிய வலியோர்

குன்னூருக்கும் உதகைக்கும் இடையே வெல்லிங்டன் என்றோர் ஊர் உண்டு. ஜக்கதளை என்று வழங்கிய இடத்திற்கு, ஆங்கிலேயர் தம் படைத்தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி பிற்காலத்தில் பெற்ற பிரபுப் பட்டத்தைச் சூட்டினர். அவர் எவரை அடக்க முனைந்தார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று நீலகிரி மாவட்டத்தில் அடங்கிய கூடலூர், பந்தலூர்ப் பகுதிகள் 1877 வரை மலபாரின் வயநாட்டைச் சேர்ந்திருந்தன. அவ்வயநாட்டுக் காடுகளை அரணாகக் கொண்டு கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்தவர், வட மலபார்க் கோட்டயத்து அரச குடும்பத்தவரான பழசி ராஜா கேரளவர்மா. குடிகளின் இசைவு கேளாமலே வரி விதித்த ஆட்சி கும்பெனியுடையது.

1797 மார்ச்சில் பெரியக் கணவாயில் கும்பெனிப் படை பெருஞ்சேதமுற்றது. அதன் பின்னரே சமாதானப் பேச்சு தொடங்கிற்று. பம்பாய் கவர்னர் ஜோனதன் டங்கன் நேரில் மலபாருக்கு வந்தார். சிறக்கல் ராஜா இடைநின்றார். பழசிக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் உதவித்தொகை என முடிவாயிற்று. கும்பெனியார் இவ்வாறு இறங்கி வந்ததேன்? அப்பால் மைசூரில் திப்பு சுல்தான் இருந்தார். அவரும் பழசியும் ஒன்றுபடுவரோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுல்தான் வீழ்ந்தார். அச்சம் நீங்கியது; கும்பெனி வயநாட்டுக்கும் உரிமை கொண்டாடியது. பழசி மீண்டும் வாளெடுத்தார். முன்னர் அவரோடு பிணங்கியிருந்த மாப்பிள்ளைமாரிலும் உண்ணி மூத்தன், அத்தன் குருக்கள் போன்ற தலைவர்கள் அவர் பக்கம் நின்றனர். 1802 அக்டோபரில் குறிச்சியர் தலைவர் தலைக்கல் சந்துவும் எடச்சேன குங்கனும் பனமரம் கோட்டையைக் கைப்பற்றினர். இறுதியில், 1805 நவம்பர் 30 அன்று பழசி ராஜா உயிர் துறந்தார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. ஆயுதமேந்தியோரோடு அரசு உடன்படிக்கை செய்துகொள்வதில் தவறில்லை. அதுவே பல உயிர்களைக் காக்கும். ஆனால் தன் செயலுக்கு எவருக்கும் விடை சொல்லவேண்டாத அரசு தரும் வாக்கு, அதற்குத் தேவையுள்ள வரையில்தான் நிலைக்கும். வலியோரையும் கட்டுப்படுத்தும் நீதி ஒன்று வேண்டும். அஃதில்லாத இடத்தில் சமாதானம் என்பது அடுத்த போருக்கான ஓய்வே. வெல்லிங்டன் வழியே செல்வோர் பனமரத்தையும் சற்றே நினைவு கூர்வார்களாக.