அரிசித் துறைமுகம் இரங்கூன்

1885ஆம் ஆண்டில் நானுஓயாவுக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. மலையிலிருந்து இறங்கிய புகைவண்டிகள் தேயிலையைச் சுமந்து சென்றன. கொழும்பிலிருந்து ஏறிய வண்டிகள் தோட்டத்து மக்களுக்கு வேண்டிய அரிசியைச் சுமந்து வந்தன. தேயிலை இங்கே விளைந்தது. அதைப் பறித்தவர்கள் உண்ட அரிசியோ பெரும்பாலும் கடல் கடந்தே வந்தது. அவ்வரிசியை ஏற்றியனுப்பிய துறைமுகங்களுள் தலையாயது இரங்கூன். இன்று யாங்கோன் என வழங்கப்பெறும் அம்மாநகரின் கதை, மலையக மக்களுக்கு முற்றிலும் அயலானது அன்று.

ஷ்வேடகோன் பொற்கோபுரத்தின் நிழலில் தகோன் என்னும் சிற்றூராக இருந்தது அவ்விடம். 1755இல் அதனைக் கைப்பற்றிய பர்மிய மன்னர் அலௌங்பயா, "பகை ஒழிந்தது" என்னும் பொருள்பட யாங்கோன் எனப் பெயரிட்டார். 1852இல் நடந்த இரண்டாம் போரில் ஆங்கிலேயர் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். ஆற்றங்கரையை ஒட்டி, சதுரங்கப் பலகையைப் போல் நேர்நேரான தெருக்களை வகுத்துப் புதிய நகரை எழுப்பினர். நானுஓயாவுக்கு வண்டி வந்த அதே 1885ஆம் ஆண்டின் இறுதியில், மாண்டலேயில் இருந்த பர்மிய அரியணையும் வீழ்ந்தது. நாடு முழுவதற்கும் இரங்கூனே தலைநகராயிற்று.

நகரை வளர்த்தது நெல். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்திலே காடும் சதுப்பும் வயல்களாயின. ஆற்றோரத்தில் அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள் நிமிர்ந்து நின்றன. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர், உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மாவேயாகும்.

இத்தனை வேலைக்கும் ஆள் வேண்டுமே! 1937 வரையில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே ஆளப்பட்டது. ஆகையால் சென்னையில் கப்பலேறி இரங்கூனில் இறங்குவது பலருக்கு ஓர் உள்நாட்டுப் பயணம் போன்றதே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர் பெரும்பாலும் தெலுங்கர். தமிழரோ ஆலைத் தொழிலாளராகவும், எழுத்தராகவும், கடைக்காரராகவும் வாழ்ந்தனர். செட்டிநாட்டிலிருந்து வந்த நகரத்தார் முகல் தெருவில் வட்டிக்கடைகளை நடத்தினர். காளி கோயிலும் சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசலும் எழுந்தன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை சுமார் 4 இலட்சம். அதில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

இப்பெருமையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். சொந்த நாட்டின் தலைநகரிலேயே பர்மியர் சிறுபான்மையினராயினர். 1930 மே மாதத்தில், கூலி உயர்வு கேட்டு இந்தியத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் இடத்தில் பர்மியர் அமர்த்தப்பட்டனர். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர் வெளியேற்றப்பட்டனர். கலகம் மூண்டது, இருதரப்பு ஏழைகளும் மோதிக்கொண்டனர், இந்தியர் பலர் மாண்டனர். அதே வேளையில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்விலை சரிந்தது. கடனை அடைக்க வழியற்ற உழவர்களின் நிலங்கள் செட்டியார்கள் கைக்குச் சென்றன. முப்பதுகளின் முடிவில், கீழ்ப்பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் நெல்வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு அவர்களிடம் இருந்தது. பணத்தை எதிர்பார்த்தவர்களுக்கு நிலம் வந்தது என்பது உண்மையே. ஆயினும் நிலமிழந்த உழவனுக்கு அது ஆறுதலாகுமா?

1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன்மீது குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் பெறாத இலட்சக்கணக்கான இந்தியர், காடும் மலையும் கடந்து கால்நடையாக அசாமை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். பர்மா அரிசி நின்றுபோனதால் இலங்கையிலும் உணவுப் பங்கீடு வந்தது. இரங்கூனில் விழுந்த குண்டின் அதிர்ச்சி, தோட்டத்து லயங்களின் அடுப்படி வரை எட்டியது.

1948 ஜனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை. இரு நாடுகளும் அவ்வாண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டங்களை இயற்றின. "யார் இந்நாட்டவர்?" என்னும் கேள்வி இரண்டிடத்திலும் தமிழர் வாயிலில் வந்து நின்றது. 1962இல் இராணுவத் தளபதி நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. பிழைப்பிழந்த இந்தியர், கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட சிறு பொருளோடு சென்னைக்குக் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜாரும், அங்கு விற்கும் அத்தோவும் அவர்கள் கொண்டுவந்த நினைவுகளே. சிலர் மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே என்னும் ஊரில் தங்கி, அங்கே கோயில் எழுப்பிக் குடியமர்ந்தனர்.

அதே 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையிலிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்க்க விடப்பட்டது. ஒருபுறம் வட்டிக்கடை வைத்திருந்தவர். மறுபுறம் கொழுந்துக்கூடையன்றி வேறொன்றும் இல்லாதவர். செல்வத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பயணமோ ஒரே திசையில்! மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை அளித்தது.

இன்று யாங்கோன் தலைநகரன்று. 2005இல் அரசு நேபிடோவுக்குப் பெயரத் தொடங்கியது. ஆயினும் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட அதுவே நாட்டின் மிகப்பெரிய நகரம். பழைய தெருக்களும், தமிழர் எழுப்பிய காளி கோயிலும், தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இன்றும் அங்கே உள்ளன. ஓர் ஊரை ஆக்குவதற்கு உழைப்பும் முதலும் போதும். அவ்வூரில் வேரூன்றி வாழச் சட்டம் தரும் உரிமை வேண்டும். அவ்வுரிமை நிலைக்க அயலாரின் நல்லெண்ணமும் வேண்டும். இரங்கூன் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.