குறைத்தது எது? 'மினிமலிஸ்ட்' என்னும் சொல் குறித்து

'மினிமலிஸ்ட்' என்பதைத் தமிழில் 'எளிமையாளர்' என்று எழுதுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அது பொருந்தாத பெயர்ப்பு என்பது என் வாதம். ஒருவரின் எளிமையைச் சொல்ல அவர் ஒருவர் போதும். மினிமலிஸ்ட் என்று சொல்ல, அவர் எதைக் குறைத்தார், யாரோடு ஒப்பிட்டால் அது குறைவு என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இலத்தீனில் 'மினிமுஸ்' என்றால் மிகச் சிறியது. அதிலிருந்து வந்த இந்த ஆள்பெயர் முதலில் புழங்கிய இடங்களுள் ஒன்று ருஷ்ய அரசியல். சோசலிசப் புரட்சியாளர் கட்சியிலிருந்து 1906இல் பிரிந்துபோன தீவிரவாதிகள் மாக்சிமலிஸ்டுகள் எனப்பட்டனர். 1917இல் ஆங்கிலச் செய்தித்தாள்கள் போல்ஷெவிக்குகளுக்கும் அதே பெயரைச் சூட்டின. மென்ஷெவிக்குகள் மினிமலிஸ்டுகள் ஆனார்கள். ருஷ்ய மொழியில் போல்ஷெவிக், மென்ஷெவிக் என்ற பெயர்கள் 1903 மாநாட்டு வாக்கெடுப்பில் பெரும்பான்மை, சிறுபான்மையாக நின்றவர்களைக் குறித்தவை. தலைக்கணக்கைச் சொன்ன பெயர் மொழிபெயர்ப்பில் கோரிக்கையின் அளவைச் சொல்லத் தொடங்கியது. இப்படி ஒரு பிழையோடுதான் இச்சொல்லின் பயணம் சூடுபிடிக்கிறது.

கலைத் துறையில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. 1965 ஜனவரியில் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ரிச்சர்டு வால்ஹைம் 'மினிமல் ஆர்ட்' என்ற கட்டுரையை வெளியிட்டார். அவர் மனத்தில் இருந்தவை மார்சேல் துஷாம்ப் காட்சிக்கு வைத்த கடைப்பொருள்கள், ஆட் ரைன்ஹார்ட்டின் கருந்திரைகள் போன்றவை. கலைஞரின் கைவேலை மிகக் குறைவாக இருக்கும்போதும் ஒன்றைக் கலை என்று ஏன் ஏற்கிறோம் என்பது அவர் கேள்வி. ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பெயர் டொனால்டு ஜட், கார்ல் ஆந்த்ரே முதலிய நியூயார்க் சிற்பிகள்மீது ஒட்டிக்கொண்டது. ஜட் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை.

ஆந்த்ரேயின் 'ஈக்விவலன்ட் 8' என்ற படைப்பைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். 120 செங்கற்கள், அகலத்துக்கு 6, நீளத்துக்கு 10, உயரத்துக்கு 2. சாந்து கிடையாது, பீடம் கிடையாது, தரையிலேயே கிடக்கிறது. 1966இல் முதலில் செய்தது விற்காமல் போக, கற்களைச் செங்கல் தொழிற்சாலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு வேண்டியபோது அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டிருந்ததால் உலைச் செங்கல் வாங்கி மறுபடி அடுக்கினார். லண்டன் டேட் அருங்காட்சியகம் 1972இல் அதை வாங்கியது. 1976இல் பத்திரிகைகள் வரிப்பணம் பாழ் என்று கொதித்தன. அங்கே உண்மையில் குறைந்திருப்பது என்ன? செங்கல் குறையவில்லை, எடை குறையவில்லை, இடமும் குறையவில்லை. செதுக்கும் கையும் அது தாங்கிவரும் உணர்ச்சியும்தான் இல்லை.

இசைக்கு வந்தால் குறைவது வேறொன்று. இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' (1976) என்ற ஓபரா ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடுகிறது! சுரக்கோவைகள் சிலவே, நேரத்தில் சிக்கனம் துளியும் இல்லை.

இலக்கியத்தில் கதை இன்னும் விசித்திரமானது. அமெரிக்கச் சிறுகதையில் மினிமலிஸ்ட் என்றவுடன் ரேமண்ட் கார்வர் பெயர்தான் வரும். அவருக்கோ அச்சொல் பிடிக்காது. பார்வையையே சிறியதாக்கிக் காட்டுகிறது என்று கருதினார். அந்தப் புகழுக்கு அடிப்படையான 1981ஆம் ஆண்டுத் தொகுப்பின் கைப்பிரதியில் பாதிக்கு மேல் வெட்டியவர் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ். வெட்டாத வடிவம் 2009இல் நூலாக வந்தபோது, வாசகர் கண்டது வேறொரு கார்வரை. அப்படியானால் இங்கே மினிமலிஸ்ட் யார்? லிஷ் என்றே சொல்வேன்.

பெயரைத் தாமே விரும்பிச் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1993இல் தம் ஆய்வுத் திட்டத்துக்கு இப்பெயரை இட்டார். அங்கே கழிக்கப்பட்டவை கோட்பாட்டின் முன்கோள்கள்: புதைநிலை, புறநிலை அமைப்புகள் போயின, ஒலிக்கும் பொருளுக்குமான இடைமுகங்கள் மட்டும் நின்றன. அண்மைக் காலத்தில் வீட்டுப் பொருள்களைக் கழித்து வாழ்வோரும் இப்பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் ஒற்றைப் பாயும் இரண்டு பாத்திரமுமாகக் குடித்தனம் நடத்துபவரை யாரும் அப்படி அழைப்பதில்லை. கழிக்க அவரிடம் எதுவும் இருந்ததில்லையே. 'எளிமையாளர்' என்ற பெயர்ப்பு விழுங்கிவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

நன்னூல் இதில் நம்மைவிடக் கூர்மையாக இருக்கிறது. பத்து அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். இரண்டும் குறைப்பே, குறைந்தது எது என்பதில்தான் ஒன்று அழகாகவும் மற்றது குற்றமாகவும் பிரிகிறது. கணிதப் பாடநூல்களில் பெருமம், சிறுமம் என்ற இணை ஏற்கெனவே இருப்பதால், கொள்கைப் பிணக்குகளைப் பேசும்போது 'சிறுமவாதி' என்று சொல்லலாம். இலக்கியத்துக்குச் 'சுருக்கநடையாளர்' ஒத்துவரும். கலைக்கும் இசைக்கும் 'மினிமலிஸ்ட்' என்றே விட்டுவிடலாம், தவறில்லை. கலைச்சொல் தொகுப்போரிடம் கேட்பது ஒன்றுதான்: இச்சொல்லின் பதிவில் துறையையும், அந்தத் துறையில் குறைக்கப்பட்டது எது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.