கோழி, வாத்து சுவர் தாண்டிப் பறக்குதா? வலிக்காம இறக்கை நறுக்குவது எப்படி?

காலையில் கூண்டைத் திறந்துவிட்ட அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தியில் நிற்கிறது உங்கள் கோழி. "உங்க கோழியைக் கொஞ்சம் பிடிச்சுட்டுப் போங்க" என்று முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்னவர், பத்தாவது நாள் சிரிக்க மாட்டார். அதைவிடப் பெரிய கவலை, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருநாய்களும் வண்டிகளும்.

கோழி வளர்ப்பவர்கள் பலரும் இதற்குச் செய்வது, இறக்கையை நறுக்கிவிடுவது. முற்றிய இறகு நம் நகம், முடி மாதிரி கெரட்டினால் ஆனது. அதை வெட்டினால் வலிக்காது. ஆனால், வளர்ந்துகொண்டிருக்கும் இறகில் கத்தரி பட்டால் ரத்தம் கொட்டும். அந்த வித்தியாசத்தைத் தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க.

எல்லாத்துக்கும் தேவையா?

இல்லை. பிராய்லர் கோழியும் வெள்ளை பெக்கின் வாத்தும் உடல் கனத்தாலேயே பறக்காது. எடை குறைந்த சிறுவிடை நாட்டுக்கோழி முருங்கை மரத்தில் ஏறி உட்காரும். மணிலா வாத்தில் பெட்டை நன்றாகவே பறக்கும். இவற்றுக்குத்தான் கத்தரி.

குஞ்சுகளுக்கு வேண்டாம். வளரும் வயதில் இறகுகள் மாறிக்கொண்டே இருக்கும். அடையில் இருக்கும் கோழியையும் தொந்தரவு செய்யாதீங்க.

எப்படிப் பிடிப்பது?

பகலில் துரத்திப் பிடித்தால் மிரண்டுவிடும். இருட்டியதும் அடையும் இடத்தில் மெதுவாகத் தூக்குங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்டுவதே நல்லது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். வாத்தின் கால்கள் எளிதில் காயப்படும். நெஞ்சையும் இறுக்கி அமுக்கக் கூடாது. பறவைகளுக்கு நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சுவிட முடியும். கண்ணை மறைத்து ஒரு துண்டு போட்டால் அமைதியாகிவிடும். மணிலா வாத்துக்கு நகம் கூர்மை. முழுக்கைச் சட்டை போட்டுக்கோங்க.

எந்த இறகு?

ஒரு பக்க இறக்கையை மட்டும் விசிறி மாதிரி விரியுங்கள். நுனிப்பக்கம் நீளமாக இருக்கும் சுமார் 10 இறகுகள்தான் பறப்பதற்கானவை. உடலை ஒட்டி இருப்பவற்றைத் தொடாதீர்கள்.

இப்போது வெளிச்சத்தில் ஒவ்வொரு இறகின் தண்டையும் பாருங்கள். வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் முற்றியது, வெட்டலாம். அடித்தண்டு கருநீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் உள்ளே ரத்தம் ஓடுகிறது, வெட்டவே கூடாது. இறகு உதிர்ந்து முளைக்கும் நேரத்தில் இவை அதிகம் இருக்கும். வாத்துகளுக்குப் பறக்கும் இறகுகள் ஒரே சமயத்தில் உதிரும் என்பதால், அவை முழுசா வளர்ந்து முடியும்வரை காத்திருங்கள்.

எங்கே வெட்டுவது?

நீள இறகுகளின் அடியைக் குட்டி இறகுகள் மூடியிருக்கும். அவை முடியும் இடத்தைத் தாண்டி வெட்டுங்கள். அதற்கு மேலே, சதைப் பக்கம் போகவே வேண்டாம். கூரான கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்குங்கள். இறகைப் பிடுங்குவதும், இறக்கை நுனியை எலும்போடு வெட்டுவதும் வேறு விஷயம். அது காயம், அதைச் செய்யாதீர்கள்.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? இரண்டையும் சமமாக வெட்டினால், எடை குறைந்த கோழி சமாளித்துப் பறந்துவிடும். ஒன்றை வெட்டினால் பேலன்ஸ் கிடைக்காது.

தவறி ரத்தம் வந்தால்?

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, வெட்டிய முனையில் சோளமாவு வையுங்கள். நிற்கவில்லை என்றால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்க. ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்தும். ஆறும்வரை தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

வெட்டியாச்சு... அப்புறம்?

இதைத்தான் பலரும் மறந்துடுறோம். நாயோ கீரியோ வந்தால், இனி உங்கள் கோழியால் மரத்துக்குத் தப்பிப் பறக்க முடியாது. வாத்தின் கதியும் அதேதான். அதனால் இரவில் கதவு மூடும் கூண்டு கட்டாயம். கோழி அடையும் கட்டையையும் தாழ்வாக இறக்கிவிடுங்கள். உயரத்திலிருந்து குதித்தால் காலில் அடிபடும். குட்டைச் சுவராக இருந்தால், குதித்துக் குதித்தே ஏறிவிடும் கோழிகளும் உண்டு. அங்கே வேலியை உயர்த்துவதோ மேலே வலை கட்டுவதோதான் வழி. நாய்த் தொல்லை அதிகம் உள்ள இடமென்றால், இறக்கையைத் தொடாமல் நேராக வலைக்கே போய்விடுங்கள்.

வெட்டிய இறகு அப்படியே நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை இறகு உதிரும்போது விழுந்து, புதிதாக முளைக்கும். பிறகு தேவைப்பட்டால் மறுபடியும் வெட்டலாம். அப்போதும் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் தண்டின் நிறத்தைப் பாருங்க!