தண்டுவட மயக்க ஊசியில் துணைமருந்துகள்

அடிவயிறு, இடுப்பு, கால் அறுவைகளுக்கு முதுகில் போடப்படும் ஊசியில் புபிவக்கைன் என்ற மரப்பு மருந்துடன் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுபவை துணைமருந்துகள். புபிவக்கைன் மட்டும் போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மரப்பு விட்டு வலி தொடங்கிவிடும். அதைத் தள்ளிப்போடுவதே இவற்றின் முதன்மையான வேலை.

1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பீர், தண்டுவட நீரில் கோகெயினைச் செலுத்தி அறுவை செய்தார். அதே மாதம் அவரும் உதவியாளர் ஹில்டெபிராண்டும் தங்கள் உடலிலேயே சோதித்துப் பார்த்தனர். பீரின் முதுகில் குத்திய ஊசியில் சிரிஞ்சு பொருந்தவில்லை. தண்டுவட நீர் ஒழுகியதுதான் மிச்சம். ஹில்டெபிராண்டுக்கோ நன்றாக மரத்தது. கணுக்காலுக்கு மேலே இரும்புச் சுத்தியலால் அடித்தும், சுருட்டால் சுட்டும் அவருக்கு வலி தெரியவில்லை. பீர் பல நாள் தலைவலியுடன் படுத்துக் கிடந்தார். ருமேனிய அறுவை மருத்துவர் ரக்கோவிச்சானு-பிடெஷ்டி, கோகெயினுடன் ஓப்பியம் வகை மருந்தைச் சேர்த்த அனுபவத்தை 1901இல் பாரிசில் அறிவித்தார். அதை அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1976இல் ஆய்வாளர்கள் யாக்ஷும் ரூடியும், தண்டுவடத்தில் நேரே செலுத்திய ஓப்பியம் வகை மருந்து எலிகளின் வலியைத் தடுப்பதைக் காட்டினர். 1979இல் வாங் குழுவினர் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் செலுத்திப் பலன் கண்ட பிறகே இம்முறை பரவியது.

ஒப்பிட்டால் மார்ஃபினுக்கே முதலிடம். சிசேரியனுக்கு 100 முதல் 150 மைக்ரோகிராம் போதும். கொழுப்பில் எளிதில் கரையாததால் அது தண்டுவட நீரிலேயே நெடுநேரம் தங்குகிறது. வேலை தொடங்க ஒரு மணி நேரமாவது ஆகும், தொடங்கினால் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அரிப்பு, வாந்தி, சிறுநீர் அடைப்பு ஆகியவை அதன் தொல்லைகள். பல மணி நேரம் கழித்து மூச்சு மந்தமாவது அரிது. ஆனாலும் செவிலியர் இரவெல்லாம் மூச்சை எண்ண வேண்டியிருக்கிறது. ஃபென்டனில் (10 முதல் 25 மைக்ரோகிராம்) கொழுப்பில் கரைவதால் சில நிமிடங்களில் பிடித்து, சில மணி நேரத்தில் விட்டுவிடும். அறுவை மேசையில் அது நல்ல துணை. அன்றிரவு வலிக்கு உதவாது.

குளோனிடினும் டெக்ஸ்மெடெடோமிடினும் மரப்பை நீட்டிக்கும், அரிப்பு தராது. ஆனால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கலாம், கால்கள் அசையவும் தாமதமாகும். புப்ரினார்ஃபின், நால்புஃபின், மிடசோலம், மெக்னீசியம் சல்பேட் ஆகியவையும் பயன்படுகின்றன. எந்த மருந்தானாலும், பதப்பொருள் கலக்காத குப்பியிலிருந்தே எடுக்க வேண்டும்.