நினைவகம் ஏன் தாமதிக்கிறது?

காங்கேயம் பகுதிப் பெரியவர்களுக்கு மாடு பூட்டிய செக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செக்கடியில் ஒருவர் நின்ற இடத்தைவிட்டு நகராமல், சுற்றிவரும் மாட்டுக்கு ஒரு பிடி புல் கொடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாடு அப்போதுதான் கடந்து போயிருந்தால், அது முழுச்சுற்று வரும்வரை கையில் புல்லோடு நிற்க வேண்டியதுதான். பழைய கணிப்பொறிகளும் இப்படித்தான் காத்து நின்றன.

1955-இல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு எச்.இ.சி.-2எம் என்ற கணிப்பொறி வந்தது. நம் நாட்டின் முதல் இலக்கமுறை மின்னணுக் கணிப்பொறி அதுவே. அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை. வேண்டிய எண் படிப்புமுனைக்கு நேராக வரும்வரை பொறி சும்மா இருக்கும். அக்காலத்தில் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த ஐ.பி.எம். 650-இன் உருளை நிமிடத்துக்கு 12,500 முறை சுழன்றது. அப்படியும் சராசரிக் காத்திருப்பு 2.4 மில்லி விநாடி! ஆகவே ஒரு கட்டளை முடியும் தறுவாயில் அடுத்த கட்டளை முனைக்கு வந்து சேருமாறு, அவற்றை உருளையில் இடம்பார்த்து எழுதினார்கள். நிரல் எழுதுவோருக்கு அது பெரிய தலைவலி.

இத்தலைவலியை நீக்கியவை ஃபெரைட் வளையங்கள். பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி, 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் அத்தகைய நினைவகம் கொண்டது. 2,048 எண்களில் எதை வேண்டினாலும் 15 மைக்ரோ விநாடியில் எடுக்கலாம். சுழற்சிக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு கூட்டலுக்கு ஆன நேரம் 45 மைக்ரோ விநாடி. நினைவகமும் கணக்குப் பகுதியும் ஏறக்குறைய ஒரே நடையில் நடந்த காலம் அது.

1970-இல் இன்டெல் 1103 என்ற சில்லு விற்பனைக்கு வந்தபின் வளையங்கள் மெல்ல மறைந்தன. சில்லினுள் எண்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. முதலில் வரிசையைத் திறந்து, பிறகு அதில் வேண்டிய இடத்தைப் படிக்க வேண்டும். பேரேட்டில் பக்கத்தைப் புரட்டிய பிறகே வரியைத் தேடுவது போல. இன்றைய நினைவகப் பலகைகளின் மீது அச்சிட்டுள்ள சி.எல். என்ற எண், திறந்த வரிசையிலிருந்து தகவல் வர எத்தனைத் துடிப்புகள் ஆகும் என்பதைக் குறிக்கிறது. இதை அமைப்பில் ஓரளவு குறைக்கலாம். அளவுமீறிக் குறைத்தால் பிழைகள் வரும், பொறி நின்றும் போகும்.

கடைக்குப் போகும் மாணவர் ஏமாறுவது இங்கேதான். 2003 அளவில் விற்ற டி.டி.ஆர்.-400 பலகைகளில் சிறந்தவற்றுக்குச் சி.எல். 2. இன்று டி.டி.ஆர்.5-6400 பலகைக்குச் சி.எல். 32. புதியது பதினாறு மடங்கு மந்தமா? இல்லை. பழையதில் ஒரு துடிப்பு 5 நானோ விநாடி, புதியதில் 0.3125. பெருக்கிப் பாருங்கள்: இரண்டுமே 10 நானோ விநாடி! சால் பெரிதாகிவிட்டது, கிணற்றின் ஆழம் குறையவில்லை. தொடர்ந்து கொட்டும் திரைப்படத் தகவலுக்குப் பெரிய சால் உதவும். அங்குமிங்கும் தாவித் தேடும் நிரலுக்கு ஆழமே கணக்கு.

அந்தப் பத்து நானோ விநாடியில் 4 கிகாஹெர்ட்ஸ் செயலி 40 முறை துடித்துவிடுகிறது. இதனால்தான், அடிக்கடி வேண்டியதைச் சிறிய, விரைவான நினைவகத்தில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் எழுதிய யோசனை, இன்று ஒவ்வொரு செயலிக்குள்ளும் இடம் பிடித்திருக்கிறது.