லோகோவை எங்கே வைத்துக் காட்டுவது?

லோகோ முடிந்ததும் நாம என்ன செய்றோம்? பளிங்குச் சுவரும் தங்க எழுத்துமாக இருக்கிற ஒரு மாக்கப்பில் ஒட்டிக் காட்டிவிடுகிறோம். பார்க்கிறவர் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அவருடைய கடை இருப்பதோ மின்கம்பிகளுக்கும் பக்கத்துக் கடை போர்டுகளுக்கும் நடுவில்!

1969-ல் நடந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்கத் தொலைபேசிச் சேவையில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த பெல் சிஸ்டத்துக்குப் புதிய சின்னம் வரைந்தவர் சால் பாஸ். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ', 'சைக்கோ' படங்களுக்கு டைட்டில் செய்த அதே ஆள்தான்.

1889-ல் வந்த பழைய சின்னத்தில் மணிக்குள்ளேயே எழுத்துகள் இருந்தன. பாஸ் வரைந்தது வட்டத்துக்குள் தடித்த கோட்டில் ஒரு மணி, அவ்வளவுதான். இதை எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது? அதிகாரிகளுக்காக அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு படமே எடுத்துவிட்டார். அதில் சின்னம் எங்கெல்லாம் வருது பாருங்க: சர்வீஸ் வேன், டெலிபோன் பூத், டைரக்டரி அட்டை, ஊழியரின் ஹெல்மெட். மக்கள் அதை நிஜமாகச் சந்திக்கப்போகும் இடங்கள். சின்னம் ஏற்கப்பட்டது, 1984-ல் பெல் சிஸ்டம் பிரிக்கப்படும்வரை நாடு முழுக்க ஓடியது.

மாக்கப் அலங்காரம் இல்லைங்க, பரீட்சை. அடுத்த முறை அந்தக் கடைத்தெருவுக்கே போய், எதிர்ப்பக்கம் நின்று ஒரு போட்டோ எடுங்கள். லோகோவை அதில் வைத்துப் பாருங்கள். அங்கே படிக்க முடியலைன்னா, பளிங்குச் சுவரில் ஜொலித்து என்ன பயன்?